மண்ணுக்குள் நாலடி ஆழத்தில் ஓர் உஷ்ணமானி!

வெயிலையும் மழையையும் எழுதி வைத்த லண்டன் டாக்டர்

டாக்டர் என்றால் நாடி பிடிப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். மருந்து எழுதிக் கொடுப்பார்.

"இன்று வெயில் எத்தனை டிகிரி? நேற்று மழை எத்தனை அங்குலம்?" என்று ஒரு டாக்டர் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பாரா?

குறித்து வைத்தார்கள். இங்கிலாந்தை விக்டோரியா மகாராணி ஆண்ட காலம் அது (1837 முதல் 1901 வரை). அந்த நாளில் ஊர்களின் சுகாதார அதிகாரிகளாக இருந்த டாக்டர்கள் பலர், வியாதிக் கணக்கோடு வெயில் கணக்கையும் சேர்த்து எழுதினார்கள். வருஷ முடிவில் அவர்கள் அச்சிட்ட அறிக்கையில், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற அட்டவணையோடு வெப்பத்துக்கும் மழைக்கும் அட்டவணை இருக்கும்.

பொழுது போகாமல் செய்த வேலை அல்ல இது. ஒவ்வொரு கோடையிலும் பச்சிளங் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்து கொண்டிருந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மர்மத்தின் அருகே போனவர்களில் ஒருவர் எட்வர்ட் பல்லார்ட் என்ற டாக்டர். அவருக்குத் துப்புக் கொடுத்தது, மண்ணுக்குள் நாலடி ஆழத்தில் புதைத்து வைத்த ஓர் உஷ்ணமானி!

ஊருக்கு ஒரு சுகாதார டாக்டர்

1855-ம் ஆண்டு லண்டன் நகர நிர்வாகத்துக்கு ஒரு புதிய சட்டம் வந்தது. ஒவ்வொரு வட்டாரமும் ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தே ஆக வேண்டும். அவர் டாக்டராக இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

வடக்கு லண்டனில் உள்ள இஸ்லிங்டன் வட்டாரத்துக்கு 1856-ல் அப்படி நியமனம் பெற்றவர்தான் பல்லார்ட். அப்போது அவருக்கு வயது 36.

இஸ்லிங்டன் வேகமாகப் பெருகி வந்த ஊர். 1851-ல் அங்கே சுமார் 95 ஆயிரம் ஜனங்கள் இருந்தார்கள். பத்தே வருஷத்தில் அது 1 லட்சத்து 55 ஆயிரம் ஆயிற்று. 1871-ல் 2 லட்சத்தையும் தாண்டிவிட்டது.

ஜனங்கள் பெருகிய வேகத்தில் சாக்கடையும் குடிநீரும் பெருகவில்லை. மாட்டுத் தொழுவங்கள், இறைச்சிக் கூடங்கள், குதிரை லாயங்கள் எல்லாம் வீடுகளை ஒட்டியே இருந்தன. அவற்றைப் பார்வையிடுவது, அசுத்தமான கிணற்றை மூடச் சொல்வது, தொற்றுநோய் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது, இவைதாம் சுகாதார அதிகாரியின் வேலை.

பல்லார்ட் இன்னொரு வேலையையும் தாமாகவே எடுத்துக்கொண்டார். இலவச வைத்தியசாலைகளிலும் ஏழைகள் விடுதியிலும் எத்தனை பேர், என்ன வியாதிக்குச் சிகிச்சை பெறுகிறார்கள் என்று கணக்குச் சேர்த்தார். இறந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது, நோயில் விழுந்தவர்களையும் எண்ண வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கணக்கின் பக்கத்தில் வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்கை வைத்து ஒத்துப் பார்த்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. பல வருஷங்கள் இதைச் செய்தார்.

வானிலை பார்ப்பதில் லண்டனுக்கு அப்போதே நல்ல வசதி இருந்தது. கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தில் அன்றாடம் அளவெடுத்தார்கள். அங்கே வானிலைப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் கிளெய்ஷர். 1862-ல் பலூனில் ஏறி 29 ஆயிரம் அடி உயரம் வரை சென்று, காற்றுப் போதாமல் மூர்ச்சையாகிப் பிழைத்து வந்த தீரர் அவர்தான்.

ஒரு வருஷத்தின் கதை

அந்தக் காலத்து லண்டன் சுகாதார அறிக்கையை மாத வாரியாகப் புரட்டினால், வருஷம் முழுவதும் ஒரே மாதிரியான கதை திரும்பத் திரும்ப வரும்.

ஜனவரி, பிப்ரவரி: கடுங்குளிர். உஷ்ணமானி இறங்கினால் மரணக் கணக்கு ஏறும். கிழவர்களும் கிழவிகளும் மார்ச்சளியிலும் இருமலிலும் மடிவார்கள். குளிரோடு மூடுபனியும் கரிப்புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 1873 டிசம்பரில் இஸ்லிங்டனில் நடந்த பெரிய கால்நடைக் கண்காட்சியில், புகைமூட்டம் தாங்காமல் கொழுத்த மாடுகளே மூச்சுத் திணறி விழுந்து செத்தன!

ஏப்ரல், மே: வெயில் மெல்ல எட்டிப் பார்க்கும். இருமல் குறையும். டாக்டர்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள்.

ஜூலை, ஆகஸ்டு: கோடை. பெரியவர்களுக்கு இது நல்ல காலம். கைக்குழந்தைகளுக்கோ எமன் வரும் காலம். வயிற்றுப்போக்கு! இரண்டு மூன்று நாளில் குழந்தையின் கண் குழி விழுந்துவிடும். உடம்பு வற்றிவிடும். பிறகு பிழைப்பது அரிது.

செப்டம்பர், அக்டோபர்: பேதி தணியும். ஆனால் டைபாய்டு ஜுரம் தலை தூக்கும். இலையுதிர் காலத்தில் வருவதால் அதற்கு 'இலையுதிர் கால ஜுரம்' என்றே ஒரு பெயர் உண்டு.

நவம்பர், டிசம்பர்: மறுபடியும் குளிர். மறுபடியும் இருமல்.

குளிர் கிழவர்களைக் கொல்கிறது என்பது சட்டென்று விளங்கியது. கோடை ஏன் குழந்தைகளைத் தேடிப் பிடித்துக் கொல்கிறது? அதுதான் விளங்கவில்லை.

நாறிய வருஷம்

"இதில் என்ன மர்மம்? வெயிலில் குப்பையும் சாக்கடையும் அழுகுகின்றன. அதிலிருந்து விஷக் காற்று கிளம்புகிறது. அதைச் சுவாசித்தால் நோய் வருகிறது" என்று அந்நாளில் பெரிய மேதைகளே சொன்னார்கள். நாற்றமே நோய் என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இயற்கையே ஒரு வருஷத்தை அனுப்பி வைத்தது. அது 1858.

அந்த ஜூன் மாதம் லண்டனில் வெயில் கொளுத்தியது. நிழலிலேயே 90 பாரன்ஹீட் டிகிரியைத் தாண்டியது. அதாவது 32 செல்சியஸுக்கும் மேல். நமக்கு இது சாதாரணம். லண்டன்காரர்களுக்கு அது நெருப்பு.

நகரத்தின் சாக்கடை முழுவதும் அப்போது தேம்ஸ் நதியில்தான் விழுந்தது. வெயிலில் ஆறே கொதித்து நாறியது. ஆற்றங்கரையில் இருந்த பார்லிமெண்டில் உறுப்பினர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்து நீரில் நனைத்துத் தொங்கவிட்டும் நாற்றம் அடங்கவில்லை. சரித்திரத்தில் அந்தக் கோடைக்கு 'மகா நாற்றம்' என்றே பெயர்.

இவ்வளவு நாற்றத்துக்கு எத்தனை பெரிய கொள்ளைநோய் வந்திருக்க வேண்டும்!

வரவில்லை.

லண்டன் நகரின் மையப் பகுதிக்குச் சுகாதார அதிகாரியாக இருந்தவர் டாக்டர் ஹென்றி லெதபி. அவர் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். ஜுரமும் பேதியும் கூடவில்லை, குறைந்திருந்தன! ஆற்றின் மேலேயே பொழுதெல்லாம் வேலை செய்த சுங்க இலாகா ஊழியர்களின் கணக்கையும் அவர்களுடைய டாக்டர் பார்த்தார். அங்கும் வயிற்று நோய்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியைவிடக் குறைவு.

எல்லோரும் நம்பியது ஒன்று. கணக்குப் புத்தகம் காட்டியது வேறொன்று. ஊர் நம்பிக்கைக்கு விரோதமாக இருக்கிறதே என்று அந்த டாக்டர்கள் கணக்கை மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி வெளியிட்டார்கள்.

காலரா தண்ணீரில் பரவுகிறது, நாற்றத்தில் அல்ல என்று 1849 முதல் சொல்லி வந்தவர் டாக்டர் ஜான் ஸ்நோ. ஜனங்கள் அவரை முழுதாக நம்பவில்லை. நாற்றம் உச்சத்தில் இருந்த அதே 1858 ஜூன் 16-ந் தேதி, தமது 45-வது வயதில் அவர் காலமானார். அவர் பக்கம் சாட்சி சொல்லக்கூடிய கணக்கைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆனாலும் நாற்றம் ஒரு நன்மை செய்தது. பயந்துபோன பார்லிமெண்டு ஆகஸ்டு 2-ந் தேதியே சட்டம் கொண்டு வந்தது. ஜோசப் பேசல்ஜெட் என்ற இன்ஜினீயர் 82 மைல் நீளத்துக்குப் பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். 1866-ல் லண்டனைக் காலரா கடைசி முறையாகத் தாக்கியபோது, சாக்கடை வேலை முடியாத கிழக்குப் பகுதியில்தான் பெரும்பாலான மரணங்கள் நேர்ந்தன.

காற்றைவிட்டு மண்ணுக்கு

காலராவுக்கு வழி பிறந்தது. கைக்குழந்தைகளின் கோடைப் பேதி மட்டும் போகவில்லை. நல்ல சாக்கடை போட்ட ஊரிலும் அது வந்தது. லெஸ்டர் போன்ற தொழில் நகரங்கள் அதற்குப் பேர்போனவை.

பல்லார்ட் 1871-ல் இஸ்லிங்டனை விட்டு, ஊராட்சிகளைக் கவனிக்கும் மத்திய இலாகாவில் மருத்துவ இன்ஸ்பெக்டரானார். இந்தக் கோடைப் பேதியை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. பல நகரங்களின் வாராந்திரக் கணக்குகளை வாங்கி விரித்துப் போட்டார்.

அதில் ஒரு விசித்திரம் தென்பட்டது.

ஜூன் மாதத்தில் சில நாள் வெயில் நன்றாகக் காயும். குழந்தைகள் சாவதில்லை. ஆகஸ்டுக் கடைசியில் காற்று குளிர ஆரம்பிக்கும். சாவு உடனே நிற்பதில்லை. காற்றின் சூட்டுக்கும் சாவுக்கும் பொருத்தம் சரியாக இல்லை. சாவு எப்போதும் பின்தங்கியே வருகிறது!

காற்றைப் போல் சட்டென்று ஏறி இறங்காமல், மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவது எது?

மண்!

நம் வீட்டு மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். காலை எட்டு மணி வெயில் முகத்தில் சுடும். தளம் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். மாலையில் சூரியன் இறங்கிவிடும். தளம் இரவு வரை சுடும். ஒரு நாளில் தளம் செய்வதைத்தான் ஒரு வருஷத்தில் பூமி செய்கிறது. நாலடி ஆழத்தில் உள்ள மண், மேலே வெயில் உச்சிக்கு வந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே தன் உச்சிக்கு வரும்.

அந்த மண்ணின் சூட்டை அளக்க நீண்ட உஷ்ணமானிகள் இருந்தன. அவற்றில் சில ஓரடி ஆழத்திலும் சில நாலடி ஆழத்திலும் புதைக்கப்பட்டிருந்தன. பல்லார்ட் அந்த அளவுகளை எடுத்து, வாரா வாரம் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்தார்.

பொருந்தியது!

நாலடி ஆழத்தில் மண் 56 பாரன்ஹீட் டிகிரி அளவுக்குச் சூடேறும் வரை பேதிச் சாவு ஏறுவதில்லை. மேலே காற்று எவ்வளவு சுட்டாலும் சரி. ஓரடி ஆழத்து உஷ்ணமானி என்ன காட்டினாலும் சரி. நாலடி உஷ்ணமானி 56-ஐ நெருங்கியதும் சாவு தலை தூக்குகிறது. அது உச்சிக்கு வரும் வாரத்திலேயே பெரும்பாலும் சாவும் உச்சிக்கு வருகிறது. அது மெதுவாக இறங்கும்போது சாவும் மெதுவாக இறங்குகிறது.

56 பாரன்ஹீட் என்றால் 13 செல்சியஸ்தான். நமக்கு அது ஊட்டிக் குளிர். ஆனால் லண்டன் மண்ணுக்கு அது கோடையின் மணியோசை.

1889-ல் வெளியான பல்லார்டின் அறிக்கையில் இந்த விவரம் இருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது.

கணக்குச் சரி, காரணம் வேறு

மண் சுட்டால் குழந்தை ஏன் சாக வேண்டும்?

பல்லார்ட் ஓர் ஊகம் செய்தார். மண்ணின் மேற்பரப்பில் ஏதோ ஒரு நுண்ணுயிர் வசிக்கிறது. அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மண் சூடேறினால் அது பெருகுகிறது. காற்றில் கிளம்பி உணவில் விழுகிறது. அதிலிருந்து பிறக்கும் விஷமே குழந்தையைக் கொல்கிறது என்றார்.

நுண்ணுயிர் என்றது சரி. உணவு வழியாக என்றதும் சரி. மண்ணிலிருந்து கிளம்புகிறது என்ற இடத்தில்தான் ஊகம் வழி தவறியது.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு விஷயத்தையும் அவர் எழுதியிருந்தார். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளை இந்தப் பேதி அநேகமாகத் தொடுவதில்லை. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளைத்தான் அது பிடிக்கிறது!

மர்மத்தின் பூட்டுக்குச் சாவி இதுதான். தாயும் சேயும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரே மண், ஒரே காற்று. வித்தியாசம் பாலில்தான்.

பால் மூலம் நோய் பரவும் என்பது பல்லார்டுக்குப் புதிதல்ல. 1870 ஜூலை, ஆகஸ்டில் இஸ்லிங்டனின் ஒரு சிறு பகுதியில் டைபாய்டு ஜுரம் திடீரென்று பரவியது. அவர் வீடு வீடாக விசாரித்தார். நோய் கண்ட குடும்பங்களில் பெரும்பாலானவை ஒரே பால்பண்ணையில் பால் வாங்கியவை. அந்தப் பண்ணையில் தரைக்கடியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது. சாக்கடை நீர் அதில் கசியும் நிலையில் இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் பால் பாத்திரங்களைக் கழுவி வந்தார்கள்.

அந்தக் காலத்துப் பால் புட்டியைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். கண்ணாடிப் புட்டியில் நீண்ட ரப்பர் குழாய் செருகியிருக்கும். தாய் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழந்தை படுத்தபடியே தானே உறிஞ்சும். வேலைக்கு ஓடும் ஏழைத் தாய்மார்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவவே முடியாது. பழைய பால் அதில் புளித்துக் கிடக்கும். கோடைச் சூட்டில் கிருமிகளுக்கு அது சொர்க்கம்!

ஈ கொண்டுவந்த எமன்

சரி, பால் கெடுவதற்குக் காற்றின் சூடே போதுமே? சாவு ஏன் மண்ணின் சூட்டோடு சேர்ந்து மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் நிவன் என்ற டாக்டர். மான்செஸ்டர் நகரின் சுகாதார அதிகாரி. அவர் எண்ணியது வெயிலை மட்டும் அல்ல, ஈக்களை! வீடுகளில் பொறி வைத்து ஈக்களைப் பிடித்து எண்ணச் செய்தார். 1910-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, ஈக்கள் பெருகிய பின்பே பேதிச் சாவு பெருகுகிறது.

ஈ ஒரே நாளில் பெருகுவதில்லை. குதிரைச் சாணத்திலும் குப்பையிலும் முட்டையிட்டு, புழுவாகி, கூடாகி, ஈயாகி, அது மறுபடி முட்டையிட வேண்டும். வெயில் நீடிக்க நீடிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். வெயில் தணிந்ததும் உடனே அழிவதில்லை. மண்ணின் சூட்டைப் போலவே மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். மலக்குழியில் உட்கார்ந்த கால், மறு நிமிஷம் பால் புட்டியில்.

நாலடி உஷ்ணமானி கொலைகாரனைக் காட்டவில்லை. அவன் வருகிற நேரத்தைக் காட்டிக் கொடுத்தது.

பல்லார்ட் 1897-ல் காலமாகிவிட்டார். இந்த விடையை அவர் காணவில்லை. ஆனால் அவர் விட்டுச் சென்ற கணக்கு இல்லாவிட்டால், பின்னால் வந்தவர்கள் எங்கே தேட வேண்டும் என்றே தெரிந்திருக்காது.

மூன்று வருஷம், மூன்று எண்கள்

வானிலைக்கும் தொட்டிலுக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதை மூன்று எண்கள் சொல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளில், ஒரு வயது முடியுமுன் இறந்தவர்களின் கணக்கு இது:

1910-ல் 105.

1911-ல் 130. அந்த வருஷம் கடுங்கோடை.

1912-ல் 95. அந்த ஆகஸ்டு மாதம் மழையும் குளிருமாகக் கழிந்தது.

ஒரு வருஷத்து வெயில், 1,000-க்கு 25 குழந்தைகளைக் கூடுதலாகக் கொண்டு போயிற்று. அடுத்த வருஷத்து மழை காப்பாற்றியது.

குழந்தையின் உயிர் மழையை நம்பி இருக்கலாமா? கூடாது என்று ஊர்கள் விழித்துக்கொண்டன. 1899-லேயே செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊர், காய்ச்சிச் சுத்தம் செய்த பாலைப் புட்டியில் அடைத்துக் கொடுக்கும் நிலையத்தைத் திறந்திருந்தது. மற்ற ஊர்களும் பின்பற்றின. தாய்ப்பாலின் அருமையைச் சொல்ல வீடு வீடாகப் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். குதிரை வண்டி போய் மோட்டார் வந்தது. சாணமும் ஈயும் குறைந்தன. கோடை அதன் பிறகும் வருஷா வருஷம் வந்தது. ஆனால் அது எமனாக வருவது நின்றது.

இன்றும் உலகில் வயிற்றுப்போக்கினால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குழந்தைகள் இறக்கின்றன. ஆனால் இன்று நம் கையில் ஆயுதங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், காய்ச்சிய தண்ணீர், மூடி வைத்த சோறு, சோப்புப் போட்டுக் கழுவிய கை. அப்படியும் பேதி கண்டுவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைச் சொன்ன அளவு நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டு போனால், தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

பல்லார்ட் காலத்து இஸ்லிங்டன் தாய்க்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. குழந்தையின் கண் குழி விழுவதைப் பார்த்துக்கொண்டு மழை வராதா என்று ஏங்குவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.